நாட்டுத் துப்பாக்கிக்கு எத்தனை ஆண்டு?

கேழ்வரகுக் கதிர் முற்றும் மாதங்களில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை தாண்டி ஜவளகிரிப் பக்கம் இறங்கும். தளி, தேன்கனிக்கோட்டை வட்டார விவசாயிகள் பட்டாசும் தீப்பந்தமுமாக விடிய விடியப் பரணில் கிடப்பார்கள். சில வீடுகளில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கியும் உண்டு.

2019 டிசம்பரில் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. அதுவரை உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் 1 முதல் 3 ஆண்டு சிறை. இப்போது 2 முதல் 5. உரிமமின்றிச் செய்தாலோ, விற்றாலோ, பழுது பார்த்தாலோ 3 முதல் 7 என்றிருந்தது, 7 ஆண்டிலிருந்து ஆயுள் வரை போகிறது. ரவுடிக்குத் துப்பாக்கி விற்பவருக்கும், ஊர்ப் பட்டறையில் விசையைச் சரிசெய்து தரும் கொல்லருக்கும் ஒரே பிரிவுதான்.

நீதிமன்றத்திலும் இது மாற்றத்தைக் கொண்டுவந்தது. முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் 3 ஆண்டுக்கு மேல் சிறை விதிக்க முடியாது. 5 ஆண்டு பொருந்தும் என்று அவர் கருதினால், வழக்கைத் தலைமை நீதித்துறை நடுவருக்கு அனுப்ப வேண்டும். வைத்திருந்தவருக்கு மட்டும் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது: போதிய சிறப்புக் காரணங்களைத் தீர்ப்பில் பதிந்தால் 2 ஆண்டுக்கும் குறைத்துத் தண்டிக்கலாம். கொல்லருக்கு அந்தக் கதவு இல்லை.

இதே சட்டத்தின் 27(3) பிரிவு ஒருகாலத்தில் மரண தண்டனையைக் கட்டாயமாக்கியிருந்தது. நீதிபதி ஆளையும் சூழலையும் எடைபோட இடம் தராத அந்தப் பிரிவை 2012இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்தப் பாடம் சிறைத் தண்டனைக்கும் பொருந்தும்.

வேட்டைக்காரரைத் தப்பவிடச் சொல்லவில்லை. யானையைக் கொன்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 என்று வனஉயிரினச் சட்டம் தனியே இருக்கிறது. பயிர்க் காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி கேட்பவருக்கு உரிமம் தர ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவே வழி சொல்கிறது. அந்த வழி மலைக்கிராமம்வரை போய்ச் சேரவில்லை என்பதே என் ஆதங்கம்.

துப்பாக்கியைத் தாமாக ஒப்படைப்பவர்மீது வழக்கில்லை என்று ஓசூர் வனக்கோட்டம் அறிவித்தபோது, ஊர்ப் பெரியவர்கள் மூலம் துப்பாக்கிகள் வந்து சேர்ந்தன. எந்தச் சிறைத் தண்டனையும் அவற்றை வீட்டிலிருந்து இப்படி வெளியே கொண்டு வந்திருக்காது. ஒப்படைக்காமல் பிடிபடுபவரின் தீர்ப்பிலாவது, அவர் அதை எதற்காக வைத்திருந்தார் என்று நீதிபதி இரண்டு வரி எழுத வேண்டும்.