உழாத நிலத்தில் சோயா மொச்சை

மழை உழவர்க்கு உயிர் என்பதை நாம் அறிவோம். எனினும், பிரேசில் நாட்டின் பரானா மாநிலத்தில் சோயா மொச்சை பயிரிட்டோர் ஒருகாலத்தில் பெருமழைக்கு அஞ்சினர். பன்முறை உழுது பொடியாக்கிய மேல்மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றதே காரணம்.

அம்மாநிலத்து ரோலாந்தியாவில் ஹெர்பர்ட் பார்ட்ஸ் என்னும் உழவர், 1972இல் நிலத்தை உழாமலே, முந்திய பயிரின் தாளை மண்மீது விட்டு, அதனூடே விதை ஊன்றினார். தாள் மழைத்துளியின் வேகத்தைத் தணித்தது; நீர் மண்ணுள் இறங்கியது; மண் நிலைத்தது.

இம்முறையில் களை மிகக்கூடும். ஆகவே மூடுபயிரும் பயிர்ச்சுழற்சியும் இன்றியமையாதவை. விதையில் வேர்முடிச்சு நுண்ணுயிரைக் கலப்பதால், தழைச்சத்து உரச்செலவும் அங்கு மிகக் குறைவு.

அறுவடைக்குப்பின் தாளை எரிக்கலாகாது என ஊராட்சி உறுப்பினர்கள் எடுத்துரைத்தல் வேண்டும். இழந்த மேல்மண்ணை நாம் எவ்விலை கொடுத்தும் வாங்க இயலாது.