இமையில் தையல் போட்டால் தழும்பு நிற்குமா?

 

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வருகிறவர்களில், "இமையில் ஆபரேஷன்" என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு வருகிறவர்களும் உண்டு. பிறந்ததிலிருந்தே ஒரு பக்க இமை தொங்கி நிற்கும் பிள்ளைகள், இமை முடி உள்பக்கம் திரும்பிக் கருவிழியில் உரசும் பெரியவர்கள், தூண்டில் முள் பட்டு இமை கிழிந்தவர்கள் எனப் பலவகை. ஆனால் எல்லோரும் செலவைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பாய், முகத்தில தழும்பு விழுந்துடுமா?" பெண் பிள்ளை என்றால் உம்மாவின் கவலை இன்னும் பெரிது. நாளைக்கு நிக்காஹ் பேச வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று, "வயசுக்கு வந்த பிறகு பார்த்துக்கலாம்" எனச் சீட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள்.

இந்தத் தள்ளிப்போடுதல்தான் ஆபத்து. தொங்கும் இமை கண்ணின் பாப்பாவை மறைத்தால், அந்தக் கண் வழியாகப் பார்க்க மூளை பழகுவதில்லை. பார்வை பழகும் காலம் ஏறக்குறைய ஏழு, எட்டு வயதுக்குள் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு இமையைத் தூக்கிக் கட்டினாலும், கண் திறந்திருக்குமே தவிரப் பார்வை முழுதாக வராது. பாப்பா மறையாத பிள்ளைக்கு மூன்று முதல் ஐந்து வயது வரை டாக்டர்கள் காத்திருக்கலாம். மறைத்திருந்தால் கைக்குழந்தைக்கும் செய்வார்கள். எது எந்த வகை என்பதைக் கண் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

இப்போது தழும்புக்கு வருவோம். நம் உடம்பிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அடியில் கொழுப்பும் இல்லை. ஆனால் ரத்த ஓட்டம் மிக அதிகம். அதனால்தான் அங்கே அடிபட்டால் சட்டென்று வீங்குகிறது. அதனாலேயே சீக்கிரம் ஆறவும் செய்கிறது. முழங்காலிலோ தோளிலோ அறுத்த இடத்தில் வருகிற தடித்த தழும்பு இமையில் அபூர்வம். மேல் இமையில் அறுக்கும்போது, கண்ணைத் திறந்தால் மடிகிற அந்த இயற்கையான கோட்டிலேயே அறுப்பார்கள். கண் திறந்திருக்கும்போது தழும்பு அந்த மடிப்புக்குள் போய்விடும். தசைக்கு வலுவே இல்லாத பிள்ளைகளுக்கு இமையை நெற்றித் தசையோடு நாண் போட்டுக் கட்டுவதுண்டு. அப்போது புருவத்துக்கு மேலே இரண்டு மூன்று சிறு கீறல்கள் விழும். தொடையிலிருந்து திசு எடுத்தால் அங்கேயும் ஒரு சிறு கோடு இருக்கும். இதையெல்லாம் முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது பெற்றோரின் உரிமை.

ஆறுவதற்கு ஒரு கணக்கு உண்டு. முதல் இரண்டு மூன்று நாட்களில் வீக்கமும் ரத்தக்கட்டும் ஏறும். ரத்தக்கட்டு கன்னம் வரை இறங்கி, கருநீலம், பச்சை, மஞ்சள் என்று நிறம் மாறிக் கரையும். பார்க்கிறவர்கள் பயந்துபோவார்கள், பயப்பட ஒன்றுமில்லை. தையலை ஐந்து முதல் ஏழு நாட்களுக்குள் பிரிப்பார்கள். தானே கரையும் நூல் என்றால் பிரிக்க வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் வீக்கம் பெரும்பாலும் வடிந்துவிடும்.

அதற்குப் பிறகு வருவதைத்தான் யாரும் நம் மக்களுக்குச் சொல்வதில்லை. மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு மாதம் வரை தழும்பு முன்பைவிட மோசமாகத் தெரியும். சிவக்கும், கெட்டியாகும், லேசாகத் தடிக்கும், அரிக்கும். உள்ளே உடம்பு புதிய நார்களை அவசர அவசரமாக நெய்துகொண்டிருக்கிற காலம் அது. கிழிந்த வலையை முதலில் கிடைத்த நூலால் முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டிவிட்டு, பிறகு உட்கார்ந்து ஒழுங்காகப் பின்னுவோமே, அதுபோல. மூன்றாம் மாதத்திலிருந்து பழைய முடிச்சுகள் அவிழ்ந்து சீராகின்றன. தழும்பு இளகி, தட்டையாகி, தோல் நிறத்துக்குத் திரும்பும். முழுதாக அமைய ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். ஆகவே நாற்பதாம் நாள் கண்ணாடியைப் பார்த்து "ஆபரேஷன் கெட்டுப்போச்சு" என்று முடிவுகட்ட வேண்டாம். அக்கம்பக்கத்தில் வந்து பார்த்து உச்சுக்கொட்டுகிறவர்களுக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்.

நம் மாநிறத் தோலுக்கு ஒரு தொல்லை கூடுதல். தழும்பு தடிக்காவிட்டாலும் கறுக்கும். அதற்குப் பெரிய காரணம் வெயில். ஏரியில் போகிறவர்களுக்கு மேலிருந்து ஒரு வெயில், தண்ணீரில் பட்டுத் திரும்பி வருவது இன்னொரு வெயில். அகலமான தொப்பி, கறுப்புக் கண்ணாடி இரண்டும் சில மாதங்களுக்கு அவசியம். தோல் நன்றாக மூடும் வரை, குறைந்தது இரண்டு மூன்று வாரம், ஏரித் தண்ணீரோ கடல் தண்ணீரோ படக்கூடாது. இறால் தடவ இறங்குவது, ஐஸ் பெட்டி தூக்குவது எல்லாம் டாக்டர் சொன்ன பிறகே. பீடி, சிகரெட் ரத்தக் குழாய்களைச் சுருக்கிக் காயம் ஆறுவதைத் தாமதமாக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டே ஆபரேஷனுக்குப் போக வேண்டும்.

மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய், தாய்ப்பால் எதையும் காயத்தில் தடவாதீர்கள். சுர்மாவும் வேண்டாம். கடையில் விற்கும் சுர்மா பலவற்றில் ஈயம் கலந்திருப்பது பரிசோதனைகளில் தெரிந்த விஷயம். பச்சைக் காயத்துக்கும் குழந்தைகளுக்கும் அது கூடவே கூடாது. தையல் போட்ட இடத்தில் சிறு வெள்ளைப் பொரிகள் வந்தால் கிள்ள வேண்டாம். தேய்த்து விடுவதும் தழும்புக்கான ஜெல் போடுவதும் டாக்டர் காட்டிக் கொடுத்த பிறகுதான். இமை தூக்கிக் கட்டிய பிள்ளைகள் தூங்கும்போது சில வாரங்களுக்குக் கண் முழுதாக மூடாது. ராத்திரி போடச் சொன்ன களிம்பை ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும், தழும்பைவிட அது பெரிய கேடு.

ஒளு, தொழுகை பற்றியும் கேட்கிறார்கள். காயத்தில் தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொன்னால், மற்ற உறுப்புகளைக் கழுவி, காயத்துக்காகத் தயம்மும் செய்ய மார்க்கத்தில் சலுகை இருக்கிறது. கட்டு இருந்தால் அதன் மேல் மஸஹ் செய்யும் முறையை இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குனியக்கூடாத நாட்களில் உட்கார்ந்து சைகையால் தொழலாம். "அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா?" என்று தயங்குகிறவர்களுக்கு: போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்களுக்குத் தங்கத்தில் மூக்கு வைத்துக்கொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதித்த செய்தி அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இருக்கிறது. குறையைச் சரிசெய்வதும் அழகுக்காக அறுத்துக்கொள்வதும் ஒன்றல்ல. ஆயிரம் வருடத்துக்கு முன்பே குர்துபாவில் அஸ்ஸஹ்ராவீ இமையை அறுத்துத் தைக்கும் முறையை எழுதி, கருவிகளைப் படமாகவும் வரைந்து வைத்தார். இந்த வைத்தியம் நமக்கு அந்நியமானதல்ல.

தூண்டில் முள் இமையில் ஏறிவிட்டால் படகிலேயே பிடுங்காதீர்கள். நரம்பை வெட்டிவிட்டு, கண்ணை அழுத்தாமல் சுத்தமான துணியால் மூடிக் கொண்டுவாருங்கள். இமை விளிம்பு கிழிந்திருந்தால் ஓரிரு நாளுக்குள் கண் டாக்டர் விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைக்க வேண்டும். மூக்குப் பக்கம் கிழிந்தால் கண்ணீர் போகும் குழாயும் அறுந்திருக்கலாம். அங்கே சும்மா தோலை மட்டும் தைத்து அனுப்பினால் ஆயுள் முழுக்கக் கண்ணில் நீர் வடியும்.

ஆபரேஷனுக்குப் பிறகு திடீரென்று வலி கூடிக் கண் புடைத்தாலோ, பார்வை மங்கினாலோ, சீழ், காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை காத்திருக்கக்கூடாது.

நமக்குக் கைக்கெட்டும் இடம் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819-ல் தொடங்கியது, உலகின் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று. பொன்னேரியில் காலை ரயிலைப் பிடித்தால் புறநோயாளி சீட்டு வாங்க நேரமிருக்கும். ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். வழிச்செலவுக்கு முடியாதவர்களும், கூட ஆள் இல்லாதவர்களும் டாக்டர் எழுதிய சீட்டோடு நம் அலுவலகத்துக்கு அஸர் தொழுகைக்குப் பிறகு வாருங்கள். பெட்டியில் மடித்து வைத்த பழைய சீட்டானாலும் பரவாயில்லை.