எடை குறைந்த சக்கரம் எத்தனை அடி தாங்கும்?

ஓமலூரிலிருந்து சேலம் ஜங்ஷனுக்கு பைக்கில் போய்த் திரும்பினால் சுமார் 30 கிலோமீட்டர். 17 அங்குல ரிம்மில் 100/80 டயர் போட்ட சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.86 மீட்டர். அப்படியென்றால் அந்த ஒரு நடைக்குள் சக்கரம் 16,000 தடவை சுழன்றுவிடுகிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு ஆரக்காலும் ஒருமுறை பளுவை வாங்கி, ஒருமுறை விடுகிறது. நல்ல தார்ச்சாலையில் நிதானமாகப் போகிறவருக்கே இந்தக் கணக்கு. மழை பெய்து பெயர்ந்த குழி, வெள்ளைக்கோடு போடாத வேகத்தடை, தொப்பூர் இறக்கத்தில் முன்னால் போகிற லாரி நின்றதும் அழுத்துகிற பிரேக் எல்லாம் தனிக்கணக்கு.

இப்படி உழைக்கிற சக்கரத்தைக் கழற்றிவிட்டு, “கம்பெனி வீலைவிட ரெண்டு கிலோ கம்மிங்ணா” என்று விற்கப்படும் இன்னொன்றை மாட்டிக்கொள்கிறோம். இரண்டு கிலோ என்பது உண்மையாகவே இருக்கலாம். தராசில் வைத்தால் தெரிந்துவிடும். அந்த இரண்டு கிலோவை எங்கிருந்து எடுத்தார்கள், எடுத்த பிறகு மிச்சம் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கடையில் தராசு கிடையாது.

எடை குறைந்தால் லாபம் என்பதில் சந்தேகமே இல்லை. பெட்ரோல் டேங்கில் இருக்கும் ஒரு கிலோ வண்டியோடு முன்னே போனால் போதும். ரிம்மில் இருக்கும் ஒரு கிலோ முன்னேயும் போக வேண்டும், சுழலவும் வேண்டும். விளிம்போரத்தில் இருக்கும் எடைக்கு, வண்டியை வேகமெடுக்க வைக்க ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆற்றல் செலவாகிறது. பிரேக் பிடிக்கும்போதும் அதே கதைதான். இது போக, சக்கரம் ஷாக் அப்சார்பருக்குக் கீழே இருக்கும் எடை. அது லேசாக இருந்தால் மேடுபள்ளத்தில் டயர் துள்ளாமல் சாலையை ஒட்டியே போகும். வளைவில் வண்டியைச் சாய்க்கவும் கை வலிக்காது. பந்தயக்காரர்கள் மெக்னீசியத்துக்கும் கார்பன் ஃபைபருக்கும் பணத்தைக் கொட்டுவது இதற்காகத்தான்.

நம் ஊர்க்கதை வேறு. இங்கே அலாய் வீலுக்கு மாறியவர்களில் பாதிப்பேர் எடைக்காக மாறியிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். அவர்களுக்குப் பிரச்சினை பஞ்சர். புல்லட்டும் கிளாசிக்கும் பல ஆண்டுகள் கம்பி ஸ்போக்கும் ட்யூபுமாகவே வந்தன. நடுவழியில் ஆணி ஏறினால் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும். ட்யூப்லெஸ் டயர் போடும்படி வார்ப்புச் சக்கரத்தை ராயல் என்ஃபீல்டு தானே மாட்டிக் கொடுத்தது 2018-ல், தண்டர்பேர்டு எக்ஸ் வரிசையில்தான். அதற்கு முன்பிருந்த பசியைத் தீர்த்தது வெளிச்சந்தை. வேடிக்கை என்னவென்றால், வார்ப்பு அலாய் பல சமயம் கம்பி ஸ்போக் சக்கரத்தைவிடக் கனமாகவே இருக்கும். ‘லைட் வெயிட்’ என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பியவர், தராசில் போட்டுப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

ஓமலூர்க்காரர்களுக்கு இந்த உலோகங்கள் அந்நியமில்லை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட், மேட்டூர் மால்கோ ஆலைக்குப் போய் 1965 முதல் அலுமினியமாக வந்துகொண்டிருந்தது. 2008 வாக்கில் அந்த உலை அணைந்தது. சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே, கருப்பூர்ப் பக்கம் வெளுத்துக் கிடக்கும் கரடுகளில் இருப்பது மெக்னீசியத்தின் தாதுவான மேக்னசைட். ஊரார் சொல்வது வெள்ளைக்கல். அதைச் சூளையில் சுட்டு, இரும்பு உருக்கும் உலைகளுக்குச் செங்கலாக்க அனுப்புகிறார்கள். உலோகமாக்கிச் சக்கரம் வார்ப்பதில்லை. ஒரு கன செ.மீ. எஃகு 7.8 கிராம், அலுமினியம் 2.7, மெக்னீசியம் 1.74. ஆசை வரத்தான் செய்யும். ஆனால் மெக்னீசியம் ஈரத்திலும் உப்பிலும் சீக்கிரம் அரிக்கும். பூச்சு உரிந்தால் கவனித்தாக வேண்டும். பந்தயம் முடிந்ததும் சக்கரத்தைத் துடைத்துச் சோதித்து வைக்கிறவர்களுக்கு அது சரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வண்டி கழுவுகிறவர்களுக்கு ஆகாது.

யமஹா ஆர்.டி.400 1976-ல் வார்ப்புச் சக்கரத்தோடு ஆலையிலிருந்தே இறங்கியதிலிருந்து இன்றுவரை, தெருவில் ஓடும் பைக்குகளின் வார்ப்புக்குப் பெரும்பாலும் அலுமினியம்தான். வழக்கமான கலவை ஏ356: அலுமினியத்தில் சுமார் 7 சதவீதம் சிலிக்கான், அரை சதவீதத்துக்கும் குறைவாக மெக்னீசியம். அந்தத் துளி மெக்னீசியம்தான் முக்கியம். வார்த்த சக்கரத்தைச் சுமார் 540 டிகிரியில் மணிக்கணக்கில் வைத்து, சட்டென்று தண்ணீரில் அமுக்கி, மறுபடி 150 டிகிரியைச் சுற்றி மிதமாகச் சூடேற்றினால், கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உள்ளே பரவி உலோகத்தை இறுக்குகின்றன. இதை டி6 பதம் என்பார்கள். பதமேற்றாத சக்கரமும் ஏற்றிய சக்கரமும் பெயின்ட் அடித்துவிட்டால் ஒரே மாதிரி இருக்கும். எடையும் ஒன்றே.

ஒழுங்காக எடை குறைக்கிறவர்கள் கணினியில் சக்கரத்தைச் சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரித்து, எந்த இடம் அதிகம் வருந்துகிறது என்று பார்க்கிறார்கள். சும்மா இருக்கும் இடத்தில் சுரண்டுகிறார்கள். ஆரக்கால் ஹப்போடு சேரும் மூலையைக் கூராக விடாமல் வளைத்து நிரப்புகிறார்கள். பெரும்பாலும் வெடிப்பு பிறப்பது அந்த மாதிரி மூலைகளில்தான். கணினி சொல்வது ஓட்டையில்லாத உலோகத்தைப் பற்றி. அச்சில் ஊற்றும் உருகிய அலுமினியத்திலோ ஹைட்ரஜன் கரைந்திருக்கும். அது ஆறும்போது குமிழாக நின்றுவிடும். தடிமனான சக்கரம் ஒரு குமிழை மன்னிக்கும். மெலிந்தது மன்னிக்காது.

ஆகவேதான் சோதனை. பைக்குகளின் இலேசு உலோகச் சக்கரங்களுக்கு உலக அளவில் ஐ.எஸ்.ஓ. 8644 என்ற சோதனைமுறை உண்டு. இந்தியாவில் ஐ.எஸ். 16192, அதன் முதல் பகுதி இரண்டு, மூன்று சக்கர வாகனங்களுக்கு. சோதனைக்கூடத்தில் நடப்பது கிட்டத்தட்ட சித்திரவதை. ரிம்மை இறுக்கிப் பிடித்து, ஹப்பில் ஒரு தண்டைப் பொருத்தி, அதைச் சுற்றிச் சுற்றி வளைக்கிறார்கள். வேறொரு சக்கரத்தை, டயரோடு, சுழலும் பெரிய உருளை மீது வழக்கத்தைவிடக் கூடுதல் பளுவில் அமுக்கி ஓடவிடுகிறார்கள். இன்னொன்றை முன்னும் பின்னுமாக முறுக்குகிறார்கள், பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும் மாறி மாறிச் செய்கிற வேலை அது. கடைசியாக, காற்றடித்த டயரோடு வைத்து மேலிருந்து ஒரு எடையைப் போடுகிறார்கள். வெடிப்பு விழக்கூடாது, காற்று சட்டென்று இறங்கக்கூடாது.

வளைப்பதும் முறுக்குவதும் லட்சம் தடவை அளவில் நடக்கும். கட்டுக்கம்பியை இப்படியும் அப்படியும் மடக்கினால் அறுவது போலத்தான் உலோகச் சோர்வும். இரும்புக்கு ஒரு வரம்பு உண்டு. அதற்குக் கீழான பளுவை எத்தனை கோடி தடவை கொடுத்தாலும் அசராது. அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான வரம்பு கிடையாது, வாங்கிய ஒவ்வொரு அடியையும் கணக்கில் வைத்துக்கொள்ளும். சோதனை முடிந்ததும் சக்கரத்தில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளைப் பொடியைத் தெளிப்பார்கள். மயிரிழை வெடிப்பு இருந்தால் உள்ளே போயிருந்த சாயம் கசிந்து, வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும்பும்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. எல்லாச் சோதனையும் ‘இந்தச் சக்கரம் இவ்வளவு பளுவுக்கு’ என்று முன்கூட்டிச் சொன்ன எண்ணை வைத்துத்தான். 150 சிசி வண்டிக்குப் பாஸான சக்கரம், ஹப்பை மாற்றிப் புல்லட்டில் மாட்டினால் பாஸானதாகாது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலையல்ல, அந்த எண். 2020-ல் மத்திய அரசு சக்கர ரிம்களுக்குத் தரக்கட்டுப்பாட்டு ஆணை கொண்டுவந்தது, ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடுங்கள். ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தரமுத்திரையை வார்ப்பில் பார்த்து மயங்க வேண்டாம். அச்சில் எந்த எழுத்தையும் வெட்டலாம்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவு, மீறும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. போலீஸ் பிடிப்பது சைலன்சரைத்தான், சக்கரத்தை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ் சர்வேயர் குனிவார்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பயம் தருவது ரிப்பேர். குழியில் விழுந்து ரிம் வளைந்தால், புதுசு வாங்கக் காசில்லாமல் கோட்டம் எடுக்கும் பட்டறைக்குப் போகிறோம். அச்சில் மாட்டி, டயல் கேஜ் முள்ளைப் பார்த்து, வளைந்த இடத்தில் கேஸ் வெல்டிங் தீயைக் காட்டி, ஜாக்கியால் நெம்புகிறார்கள். கைத்திறனில் குறையே இல்லை. முள் ஆடாமல் நிற்கும்வரை விடமாட்டார்கள். ஆனால் 200 டிகிரியைத் தாண்டினாலே டி6 பதம் இளகத் தொடங்கும். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் நிறமே மாறாமல் உருகும் நிலைக்குப் போய்விடும். எவ்வளவு சூடேற்றினோம் என்று தீ பிடித்தவருக்கும் தெரியாது. “கோட்டம் போயிடுச்சுங்ணா, தைரியமா ஓட்டுங்க” என்று அவர் சொல்வதில் முதல் பாதி மட்டுமே அவர் அளந்தது.

லேசான கோட்டம், வெடிப்பில்லை என்றால் சூடு காட்டாமல் மெதுவாக நிமிர்த்திப் பார்க்கலாம். அதுவும் சாயம் தடவிப் பார்த்த பிறகு. ஆரக்காலில் வெடிப்பு, ஹப் பக்கம் வெல்டிங் என்றால் பேச்சே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பழைய சாமான் கடையில் எடைக்குப் போடும் முன் இரண்டு ஆரக்காலை அறுத்துவிட்டுப் போடுவது நல்லது. முழுசாகப் போட்டால் ஒரு கோட்டு கறுப்புப் பெயின்ட்டோடு வேறொருவர் வண்டியில் ஏறிவிடும்.