விற்குமுன் விலை பேசுதல்

பொரளைச் சந்தியை அடுத்த ஒழுங்கை ஒன்றிலே பழைய வீடொன்று. முன்னே சிறு விறாந்தை, பின்னே கிணறும் ஒரு மாமரமும். அதன் உடையவர் நம் கல்லூரியிற் கற்று, அரசாங்க சேவையிற் சேர்ந்து, ஓய்வு பெற்றவர் எனக் கொள்வோம். பிள்ளைகள் கடல் கடந்துவிட்டனர். கூரை ஒழுக்கும் முழங்கால் நோவும் ஒருங்கே வந்து சேர்ந்தமையால், வெள்ளவத்தையிலே கோயிலுக்கும் கடைக்கும் நடந்து செல்லத்தக்க தூரத்தில் ஒரு மாடிவீட்டை வாங்கிக் குடிபுகக் கணவனும் மனைவியும் எண்ணுகின்றனர். மனத்திற்கிசைந்த வீடொன்று கண்ணிற் படுகின்றது. “நாளைக்கு வேறொருவர் பார்க்க வருகிறார்” என்கின்றார் தரகர். பொரளை வீடோ இன்னும் விற்கப்படவில்லை. விற்பதாக எவருக்கும் சொல்லப்படவுமில்லை. இந்நிலையில் மாடிவீட்டுக்கு விலை பேசலாமா?

பழைய மாணவர் கூடும் இடங்களில், கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையிலே, இவ்வினா பல உருவில் எழக் கேட்டிருக்கின்றோம். பேசலாம் என்பதே நம் விடை. ஆனால் விற்பனை என்னும் நிபந்தனையிலே தொங்கும் பணத்தைக்கொண்டு, நிபந்தனையில்லா வாக்கை எழுத்திற் கொடுத்தல் ஆகாது. இக்கட்டுரை அவ்வொன்றை விளக்கவே எழுந்தது.

முதலில் விற்றுப் பின்னர் வாங்குதலே பாதுகாப்பான ஒழுங்கு என்று எவருஞ் சொல்வர். எனினும் நம்மவர் பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. இடையிலே சில மாதம் வாடகைக்கிருக்கும் தொல்லை ஒரு காரணம். ஆழ்ந்த காரணம் வேறு. 1983 யூலை 24ஆந் திகதி பொரளைக் கனத்தை மயானத்திற் கூடிய கூட்டத்தினிடையே மூண்ட வன்செயல், அன்றிரவே அச்சுற்றாடலிலிருந்த தமிழர் வீடுகளையும் கடைகளையும் எரித்தது. மறுநாள் நகரெங்கும் பரவிற்று. சேதமுற்ற சொத்துக்கள் அவசரகால விதிகளின்கீழ் அரசிடம் உரித்தாக்கப்பட்டமையால், எரிந்த சுவரையும் நிலத்தையும் தம் விருப்பப்படி விற்கவும் உடையவர்க்கு அப்போது இயலவில்லை. தமக்கென ஒரு கூரை இல்லாத நாளை மீண்டும் காண விரும்பாத தலைமுறை அது. ஆதலின் வாங்குதல் முந்தி, விற்றல் பிந்தும் வழக்கத்தை வெறும் அவசரபுத்தி என்று நாம் இகழமாட்டோம். அவ்வழக்கத்தைக் கைக்கொள்வோர் அதன் விலையை அறிந்து கைக்கொள்ளல் வேண்டும் என்பதே நம் கருத்து.

இனிச் சட்டத்தின் நிலையைப் பார்ப்போம். இங்கிலாந்திலே 1677ஆம் ஆண்டு பிறந்த மோசடிச் சட்டத்தின் வழியில், இலங்கையில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. காணியை விற்றல் மட்டுமன்று, விற்பதாகவோ வாங்குவதாகவோ வாக்களித்தலும் எழுத்தில் அமைந்து, நொத்தாரிசு ஒருவர் முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்பட்டாலன்றி வலுவற்றது என்பது அதன் 2ஆம் பிரிவின் சாரம். ஆகவே, வெள்ளவத்தை வீட்டுக்காரர் மண்டபத்தில் அமர்ந்து “நாலு கோடி தருகிறோம்” என்பதும், அவர் “சரி” என்று கைகொடுப்பதும், ஒரு தாளிலே முத்திரை ஒட்டி எழுதிக்கொள்வதும் சட்டத்தின் கண்ணில் வீட்டைக் கட்டுப்படுத்துவன அல்ல. நாம் பின்வாங்கினாலும் வீட்டை வாங்கு என்று நம்மை நீதிமன்றம் ஏவாது. அவர் பின்வாங்கினாலும் வீட்டைக் கொடு என்று அவரை ஏவாது.

இதனால் இரண்டு உண்மைகள் பெறப்படும். வாய்மொழியாக விலை பேசுவதனால் நட்டமில்லை என்பது ஒன்று. அதனை நம்பி நம் வீட்டை அவசரமாகத் தள்ளிவிடுதல் பேதைமை என்பது மற்றொன்று. இரண்டாவதை மறந்து, “வாக்குத் தந்துவிட்டார், நல்ல மனிதர்” என்று பொரளை வீட்டைக் குறைந்த விலைக்கு விற்று, பின்னர் மாடிவீட்டுக்காரர் மனம் மாறியதாற் கையிற் பணமும் தலைக்குமேல் வாடகைக் கூரையுமாய் நிற்க நேரும். நல்ல மனிதரும் கூடிய விலையைக் கண்டால் மனம் மாறுவர்.

உண்மையான கட்டு விழுவது நொத்தாரிசு முன் எழுதப்படும் விற்பனை உடன்படிக்கையிலேயாம். அதிலே விலை, முற்பணம், முடிவுறுதி எழுதும் நாள், தவறினால் வருவது யாது என்பன இருக்கும். பத்தில் ஒரு பங்கு முற்பணமும் மூன்று மாதத் தவணையும் இங்கே பரவலான வழக்கு. நாலு கோடி வீட்டுக்கு முற்பணம் நாற்பது இலட்சம். ஓய்வுபெற்ற ஒருவரின் சேமிப்பு முழுவதும் அதுவாகவே இருத்தல் கூடும். மூன்று மாதத்திற் பொரளை வீடு விலைபோகாவிடில் அந்நாற்பது இலட்சமும் என்னவாகும்? உடன்படிக்கையின் சொற்களே விடை சொல்லும். விலையின் ஒரு பகுதியாக முன்கூட்டிச் செலுத்தியது என்று எழுதுவது ஒன்று. தவறினால் இழக்கப்படும் பிணைப்பணம் என்று எழுதுவது இன்னொன்று. இரண்டையும் பேச்சிலே ‘அட்வான்ஸ்’ என்ற ஒரே சொல்லாற் குறிப்பதால், ஒப்பமிடும் வரை வேறுபாடு பலர்க்குப் புலப்படுவதில்லை.

கனடாவிலும் அமெரிக்காவிலுமுள்ள நம் பிள்ளைகள் இதற்கு ஒரு வழியை அறிவர். வாங்குபவர் தம் சொந்த வீட்டை விற்ற பின்னரே வாங்கக் கடமைப்படுவர் என்ற நிபந்தனையை அங்கே ஒப்பந்தத்தில் எழுதுவதுண்டு. அதற்கு ஈடாக, விற்பவர் தம் வீட்டைத் தொடர்ந்து பிறர்க்குக் காட்டலாம். வேறொருவர் நிபந்தனையின்றி வாங்க முன்வந்தால், முதலாமவர்க்குச் சில நாள் அவகாசங் கொடுப்பார். அதற்குள் அவர் நிபந்தனையைக் கைவிடல் வேண்டும். அன்றேல் முற்பணத்தைப் பெற்றுக்கொண்டு விலகல் வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒப்பந்தங்களைப் பரிமாறிக்கொள்ளும் வரை எவரையும் எதுவுங் கட்டாது. ஒருவர் விற்றாலன்றி மற்றவர் வாங்க இயலாது பல வீடுகள் கோத்து நிற்பதைச் சங்கிலி என்பர். ஒரு கண்ணி அறுந்தால் எல்லாரும் வீடு பார்க்கத் திரும்பவும் புறப்படுவர்.

கனடாவின் நிபந்தனையை வெள்ளவத்தை உடன்படிக்கையில் எழுதுவதற்கு நம் நாட்டிற் சட்டத்தடை எதுவுமில்லை. வழக்கம் இன்மையே தடை. விற்பவர் இலகுவில் இணங்கார் என்பதும் உண்மை. அப்போது நாம் விலைக்குப் பதிலாகத் தவணையைப் பேரம் பேசவேண்டும். விலையில் இரண்டு இலட்சம் குறைப்பதற்காக ஒரு மாலைப்பொழுதைச் செலவிடும் நம்மவர், மூன்று மாதத்தை ஆறு மாதமாக்கக் கேட்பதே இல்லை. அந்த மூன்று மாதத்தின் பெறுமதி இரண்டு இலட்சத்திலும் எத்தனையோ மடங்கு. முற்பணத்தைச் சிறிதாக்கக் கேட்டலும் தகும். உடன்படிக்கையைக் காணிப் பதிவகத்திற் பதிவு செய்துகொள்ளல் மிகவுந் தகும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்கீழ், பதியப்படாத ஆவணம் பின்னர் பெறுமதி கொடுத்து எழுதிப் பதியப்பட்டதற்கு முன் தோற்றுப்போதல் கூடும்.

“வங்கி இருக்கின்றதே, பொரளை வீட்டை ஈடுவைத்து இடைக்காலக் கடன் எடுத்து வாங்கிவிடுவோம்” என்பாருமுளர். கணக்குப் பார்ப்போம். முற்பணம் போக மிகுதி மூன்று கோடி அறுபது இலட்சம். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியென்றால் மாதத்துக்கு மூன்று இலட்சத்து அறுபதினாயிரம். வீடு நாலு மாதத்தில் விலைபோனாற் பொறுக்கலாம். வட்டி மிதந்து செல்லும் வட்டியாயின்? 2022 ஏப்ரல் 8ஆந் திகதி இலங்கை மத்திய வங்கி, தன் துணைநிற் கடன்வழங்கல் வசதி வீதத்தை ஒரே நாளில் 7.50 சதவீதத்திலிருந்து 14.50 சதவீதத்துக்கு உயர்த்திற்று. 2023 மார்ச்சில் அது 16.50 ஆயிற்று, 2023 யூனிலேயே இறங்கத் தொடங்கிற்று. வட்டி இரட்டித்தால் நம் எடுத்துக்காட்டின் மாத வட்டி ஏழு இலட்சத்து இருபதினாயிரம். வட்டி ஏறும் அக்காலத்திலேதான் வீடு வாங்குவோரும் மறைவர். கடனெடுத்து வாங்க அவராலும் இயலாதன்றோ? இரண்டு துன்பமும் ஒரே வேரிலிருந்து முளைப்பன. ஓய்வூதியத்திலே வாழ்பவர்க்கு இவ்வழியை நாம் சொல்லமாட்டோம்.

வாங்கும் செலவில் முத்திரைத் தீர்வையையும் மறத்தலாகாது. மேல் மாகாணத்தில் முதல் ஓரிலட்சத்துக்கு 3 சதவீதமும் மிகுதிக்கு 4 சதவீதமுமாக, நாலு கோடிக்கு ரூபா 1,599,000. நொத்தாரிசின் கட்டணம் இதற்குப் புறம்பானது.

தவணை குறுகுவதற்கு மெய்யான காரணம் பெரும்பாலும் நம் பெட்டியிலேயே கிடக்கின்றது. உறுதியை எடுத்துப் பார்த்தால் அது இறந்த தந்தையார் பெயரில் இருக்கும். அல்லது ஒரு பங்கு மெல்போணிலுள்ள தங்கைக்குரியதாயிருக்கும். அவர் அற்றோணித் தத்துவம் அனுப்பவேண்டும். நில அளவைப் படம் ஐம்பதாண்டுப் பழையதாயிருக்கும். மதில் ஓரடி தள்ளி நிற்கும். பின்னறையில் நெடுங்காலக் குடியொருவர் இருந்தால், 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் அவர் பக்கம் நின்று பேசும். வாங்க வருபவரின் சட்டத்தரணியோ முப்பதாண்டுப் பதிவேட்டைத் தேடுவார். சோலைவரிப் பற்றுச்சீட்டு, மாநகர சபையின் வீதிக்கோட்டுச் சான்றிதழ், உரித்தாக்கப்படவில்லை என்ற சான்றிதழ் எல்லாம் கேட்பார். இவற்றை மாடிவீடு பார்க்கப் புறப்படுமுன் ஒழுங்கு செய்தவர்க்கு மூன்று மாதம் போதும். செய்யாதவர்க்கு ஓராண்டும் போதாது. வாங்க ஆவலுள்ளார் கடல் கடந்த உறவினராயின், அவர் இன்னும் இலங்கைக் குடியுரிமையோ இரட்டைக் குடியுரிமையோ உடையவரா என்றுங் கேட்டறிதல் வேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், சில விதிவிலக்கோடு, பிறநாட்டவர்க்குக் காணி கைமாறுவதைத் தடுக்கின்றது.

விற்கவேண்டிய வீடு பொரளையில் அன்றி வண்ணார்பண்ணையிலோ கொக்குவிலிலோ இருப்பின் இன்னுமொரு படி உண்டு. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முன்கொள்வுரிமைக் கட்டளைச் சட்டப்படி, உடன்பங்காளர்க்கும், விற்பவர் விருப்பாவணமின்றி இறந்தால் உரித்தாளராகத் தக்கார்க்கும் முதலில் அறிவித்தல் கொடுத்தல் வேண்டும். கொழும்பிலே தவணை எழுதும்போது இந்நாட்களையுஞ் சேர்த்து எண்ணாமல் இடர்ப்படுவோர் உளர்.

மாடிவீட்டின் பக்கமும் தாமதம் உண்டாகலாம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டத்தின்கீழ்க் கட்டடத்தின் வரைபடம் பதியப்பட்டிருந்தாலே தனி வீட்டுக்குத் தனியுறுதி எழுதலாம். அது பதியப்பட்டதா என்பதை முற்பணம் கொடுக்குமுன் பதிவகத்திற் பார்த்தல் வேண்டும். கட்டியவர் “விரைவில் வரும்” என்று சொல்வது போதாது.

வரி பற்றியும் ஒன்று சொல்லல் வேண்டும். வாங்கிய பின் விற்போரையே இது சிறப்பாகத் தாக்கும். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தால், 2018 ஏப்ரல் 1 முதல் மூலதன நயத்துக்கு வரி மீண்டும் வந்தது. தாம் குடியிருக்கும் முதன்மை வீட்டை விற்பவர்க்கு விலக்குண்டு. விற்குமுன் மூன்றாண்டு தொடர்ந்து அவர் உடைமையாயிருந்து, அம்மூன்றாண்டினுள் நாட்கணக்கிற் குறைந்தது இரண்டாண்டு அவர் அதிற் குடியிருந்திருத்தல் வேண்டும். மாடிவீட்டுக்குக் குடிபெயர்ந்தபின் பொரளை வீடு விலைபோகாமல் ஓராண்டுக்குமேல் நின்றால், நாற்பதாண்டு வாழ்ந்த வீடாயினும் அவ்விலக்குக் கைநழுவும். நல்ல விலைக்காகக் காத்திருப்போர் நாட்காட்டியில் அந்நாளைக் குறித்து வைத்தல் நன்று.

எல்லாம் இசைந்து வந்தால், இரண்டு உறுதிகளையும் ஒரே நாளில் எழுதுவிக்க ஒழுங்கு செய்தலே நாம் விரும்பும் முறை. காலையிலே பொரளை வீட்டின் உறுதி. அதில் வரும் வங்கிக் காசோலையிலே ஒன்றை வெள்ளவத்தை வீட்டுக்காரர் பெயருக்கே எழுதுவிக்கலாம். பிற்பகல் அவர் உறுதி. பொரளை வீட்டை வாங்கியவரிடம், சிறு வாடகை கொடுத்து ஒரு மாதம் அங்கேயே இருக்கும் உரிமையை முன்னரே எழுத்திற் கேட்டு வைத்தால், சாமியறைப் படங்களையும் புத்தக அலுமாரியையும் அவசரமின்றி இறக்கலாம். நல்ல நாள் பார்த்துப் புதுவீட்டிற் பாலுங் காய்ச்சலாம்.