விரைவு விசைகளால் பழைய படங்களைக் காப்போம்

இன்று புத்ராஜெயா விளங்கும் நிலத்தில் ஒரு காலத்தில் பிராங் பெசார், காலோவே, மேடிங்லி, செட்ஜ்லி என்னும் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. 1990-களில் அங்கே நிர்வாகத் தலைநகரம் எழுந்தபோது, தோட்ட மக்களுள் பலர் டெங்கிலிலுள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். லயங்களும் பால்மரங்களும் மறைந்துவிட்டன. அந்த வாழ்வுக்குச் சான்றாக எஞ்சியிருப்பவற்றுள் குடும்பப் புகைப்படங்களும் அடங்கும். அவையும் நாள்பட மங்கிக் கறைபடிகின்றன. எந்தத் தோட்டத்து மக்களுக்கும் இந்நிலை வரலாம்.

இப்படங்களை ஸ்கேனர் கருவியால் கணினியில் ஏற்றிச் சீர்ப்படுத்தலாம். இதற்குப் பெரிதும் பயன்படும் மென்பொருள் ஃபோட்டோஷாப் ஆகும். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய இது 1990-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆயினும், ஒவ்வொரு கட்டளைக்கும் மவுஸை நகர்த்திப் பட்டியலில் தேடினால், பத்துப் படங்கள் முடியுமுன்பே சலிப்புத் தோன்றிவிடும். இக்குறையைப் போக்குபவையே விரைவு விசைகள். வலக்கை மவுஸிலும் இடக்கை விசைப்பலகையிலும் இருத்தல் வேண்டும்.

முதலில் கண்ட்ரோல் விசையுடன் ‘ஜே’ விசையை அழுத்துக. படத்தின் மேல் அதன் நகல் ஓர் அடுக்காக அமையும். திருத்தங்களை நகலில் செய்தால் மூலப்படம் கெடாது. கண்ட்ரோலுடன் ‘எல்’ அழுத்தினால் மங்கிய படத்தின் ஒளியையும் நிழலையும் சரிசெய்யலாம். ‘ஜே’ மட்டும் அழுத்தினால் கறைநீக்கும் தூரிகை கிடைக்கும். சதுர அடைப்புக்குறி விசைகள் அத்தூரிகையைச் சிறிதாக்கவும் பெரிதாக்கவும் உதவும். பெரிதாக்கிய படத்தை நகர்த்திப் பார்க்க இடைவெளி விசையை அழுத்தியவாறு மவுஸால் இழுக்கலாம். தவறு நேர்ந்தால் கண்ட்ரோலுடன் ‘இஸட்’ அழுத்துக. முந்தைய நிலை திரும்பும். இறுதியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ‘எஸ்’ மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேறு பெயரில் சேமித்தல் நலம்.

கிம்ப் என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதில் சில விசைகள் வேறுபடும். எனினும், பட்டியலில் பல கட்டளைகளின் அருகிலேயே அவற்றுக்குரிய விசைகள் காட்டப்பட்டிருக்கும். நாளுக்கு இரண்டாகப் பழகினாலே போதும்.

பால் வெட்டுவோர் கத்தியை நோக்குவதில்லை, பட்டையையே நோக்குவர். கை பழகிவிட்டால் கண் வேலையில் நிற்கும். அவ்வாறே விசைகள் பழகியபின் நம் கவனம் முழுவதும் படத்திலுள்ள முகத்தின்மீது நிலைக்கும். கறையென எண்ணி மூதாட்டியின் மூக்குத்தியை அழித்துவிடாதிருக்க அக்கவனம் தேவை.

படத்திலுள்ளோரின் பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டு எழுதி வைப்போமாக. முகத்தைக் கணினி தெளிவாக்கலாம். பெயரை அறிந்தவர்கள் அவர்களே.