சாவையே ஆயுதமாக்கும் இலை

கோதுமையில் தண்டுத் துருநோயை உண்டாக்கும் பூஞ்சைக்கு உயிருள்ள செல்தான் உணவு. இலைத்துளை வழியே நுழைந்து செல்சுவரைத் துளைக்கும். உள்ளிருக்கும் சவ்வைக் கிழிக்காமல் உறிஞ்சுறுப்பை அழுத்திப் பதித்துச் சத்தை இழுக்கும். செல் செத்தால் பூஞ்சைக்குப் பிழைப்பில்லை. எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்கள் அந்த இடத்தில்தான் கைவைக்கின்றன: தாக்கப்பட்ட செல்லும் அக்கம்பக்கத்துச் செல்கள் சிலவும் விரைவிலேயே மடிகின்றன. துருப்பொடி உதிர வேண்டிய இடத்தில் வெளிறிய பொட்டு மட்டுமே மிஞ்சும். அமெரிக்கத் தாவர நோயியலாளர் எல்வின் ஸ்டாக்மன் 1915இல் இதை மிகையுணர்வு என்று விவரித்தார்.

நோய்க்கிருமி செல்லுக்குள் செலுத்தும் புரதங்களின் வேலையைக் கண்டுகொள்ளும் காவல் புரதங்கள் தாவரத்திடம் உண்டு. அராபிடாப்சிஸ் என்னும் கடுகினச் செடியில் அத்தகைய ஒன்றின் வடிவத்தைச் சீன ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்டார்கள். தூண்டப்பட்டதும் ஐந்து மூலக்கூறுகள் சக்கரம்போல் கூடி, செல்சவ்வில் துளையாக அமர்கின்றன. அதன் வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமுள்ள ஆக்சிஜன் சேர்மங்கள் பெருகுகின்றன. பல நேரங்களில் நுண்குமிழ் உடைந்து, அதிலிருக்கும் செரிமான நொதிகள் செல்லையே கரைக்கின்றன. விலங்குகளில் இறந்த செல்லை விழுங்க வேறு செல்கள் வரும். சுவருக்குள் அடைபட்ட தாவரச் செல்லுக்கு அந்த வசதி இல்லை. சடலம் இருந்த இடத்திலேயே கிடக்கும். சுற்றியுள்ள திசுவில் சாலிசிலிக் அமிலம் கூடும்; தொலைவிலுள்ள இலைகளும் அடுத்த தாக்குதலுக்கு ஆயத்தமாகும்.

புகையிலை இனமான நிக்கோட்டியானா குளூட்டினோசாவின் இலையில் புகையிலைத் தேமல் வைரஸைத் தேய்த்தால் இதே மிகையுணர்வால் ஓரிரு நாட்களில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அவற்றை எண்ணியே தேய்த்த சாற்றிலுள்ள வைரஸின் அளவை மதிப்பிடலாம் என்று ஆய்வாளர் ஃபிரான்சிஸ் ஹோம்ஸ் 1929இல் காட்டினார். ஆனால் வெப்பம் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தக் காவல் செயலிழக்கிறது. புள்ளி விழாது, வைரஸ் செடியெங்கும் பரவும். பிறகு செடியைக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றினால் நிலைமை இன்னும் மோசம்: காவல் மீண்டும் விழித்து, வைரஸ் பரவிய திசு முழுவதையும் சாகடிக்கும்.

செத்த திசுவையே தின்னும் பூஞ்சைகளிடம் இந்த உத்தி பலிக்காது. அமெரிக்காவில் துருநோயைத் தாங்குவதற்காக விக்டோரியா என்ற ரகத்தைக் கலந்து உருவாக்கிய ஓட்ஸ் பயிர்களை 1940களில் வேறொரு பூஞ்சை சூறையாடியது. அது சுரக்கும் விக்டோரின் என்ற நச்சு, செடியின் தற்காப்புச் சாவையே தூண்டிவிடுகிறது. துருநோய் எதிர்ப்பைத் தக்கவைத்து, நச்சுக்கு ஆட்படும் பண்பை மட்டும் களைய வளர்ப்பாளர்கள் முயன்றார்கள். இரண்டையும் பிரிக்க முடியவில்லை.