பால்கனியில் வாட்டர் டேங்க் வைக்கலாமா? ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பீம் எவ்வளவு தாங்கும்?

மொட்டை மாடியில் இடமில்லை, பால்கனியிலேயே 1,000 லிட்டர் டேங்கை வைத்துவிடலாம் என்று யோசிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க. அறையின் தளமும் பால்கனி தளமும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், எடையைத் தாங்கும் விதமே வேறு.

சப்போர்ட் எங்கே?

அறைக்கு மேலே போகும் பீமுக்கு இரண்டு முனையிலும் தூணோ சுவரோ இருக்கும். எடை இரண்டு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும். பால்கனி அப்படி இல்லை. ஒரு முனை கட்டடத்தோடு இறுகியிருக்கும், மறுமுனை அந்தரத்தில் நிற்கும். இதற்குப் பெயர் 'கேன்டிலீவர்'.

தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைப்பதற்கும், கையை நீட்டிப் பிடிப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. ஒரே நீளம், சீராகப் பரவிய ஒரே எடை என்றாலும், இரு முனையும் சும்மா தாங்கி நிற்கும் பீமைவிட, கேன்டிலீவரில் வளைக்கும் தாக்கம் 4 மடங்கு. அது உச்சத்துக்குப் போவது சுவரை ஒட்டிய இடத்தில்.

எடை எவ்வளவு?

வீடுகளின் பால்கனிக்கு, ஆட்கள், பொருட்கள் என ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ எடை வரும் என்று கணக்கிட்டு வடிவமைக்கச் சொல்கிறது இந்தியத் தர விதி ஐஎஸ் 875. ஆனால் 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 1,000 கிலோ! அது உட்காரும் இடமோ சுமார் ஒரு சதுர மீட்டர்தான். கணக்கைவிட 3 மடங்குக்கு மேல்.

எங்கே வைக்கிறோம் என்பதும் முக்கியம். சுவரிலிருந்து 1 அடியில் இருக்கும் எடையை 3 அடிக்குத் தள்ளினால், பிடிமானத்தில் அதன் தாக்கமும் 3 மடங்காகும்.

கம்பி மேலேயா, கீழேயா?

காங்கிரீட் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்குத்தான் கம்பி. அறை பீம் நடுவில் தொய்யும்போது அடிப்பக்கம் இழுபடும், அங்கே கம்பி கீழே இருக்க வேண்டும். பால்கனியில் மேல்பக்கம் இழுபடும், அதனால் முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். காங்கிரீட் போடும்போது ஆட்கள் மிதித்து கம்பி கீழே இறங்கிவிட்டால், பலம் வெகுவாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது.

என்ன கவனிக்கணும்?

* பால்கனி தளத்தின் மேல்பக்கம், சுவரை ஒட்டி நீளமாக விரிசல்
* வெளிமுனை முன்பைவிடத் தாழ்ந்திருப்பது
* அடியில் துருக்கறை, காங்கிரீட் பெயர்ந்து விழுவது

இதில் எது தெரிந்தாலும் எடையை அகற்றிவிட்டு, யாரையும் அங்கே நிற்க விடாமல், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள். விரிசலுக்கு மேல் டைல்ஸ் ஒட்டினால் அது மறையும், சரியாகாது. டேங்க் வைக்க வேண்டுமென்றால், மொட்டை மாடியில் தூண்களும் பீம்களும் வரும் இடத்தை இன்ஜினியரிடம் கேட்டு முடிவு செய்வதே பாதுகாப்பு.